கல்யாண போட்டோ தொழில்: கேமராவுக்கு அப்புறம் என்னென்ன வேண்டும்? நீண்ட நாள் பயன்படுத்திய அனுபவம்

கும்பகோணத்தில் கல்யாண போட்டோ எடுப்பதுதான் எனக்குத் தொழில். தஞ்சாவூர், மயிலாடுதுறை, திருவாரூர் வரைக்கும் ஆர்டர் போவேன். புதிதாகத் தொழிலுக்கு வருகிற தம்பிகள் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி, "அண்ணே, எந்த கேமரா வாங்கலாம்?" என்பதுதான். அதற்கு ஐந்து நிமிடத்தில் பதில் சொல்லிவிடலாம். பத்து வருஷத்துக்கு மேல் இதிலேயே சோறு சாப்பிடுகிறவன் என்ற முறையில் நான் சொல்ல விரும்புவது வேறு. எடுத்த படம் தொலையக் கூடாது, சொன்ன தேதியில் ஆல்பம் போய்ச் சேர வேண்டும், பேசிய பணம் கைக்கு வர வேண்டும். இந்த மூன்றும் நடந்தால்தான் அடுத்த முகூர்த்தத்துக்கு யாராவது கூப்பிடுவார்கள். அதற்கு உதவுகிற சாமான்களைத் தேர்ந்தெடுப்பதில்தான் மூளையைச் செலவழிக்க வேண்டும். நான் வருஷக்கணக்கில் கையில் வைத்துப் புழங்கியவற்றை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

கேமராவை முதலில் முடித்துவிடலாம். என்னிடம் இருப்பவை இரண்டு சோனி ஏ7 மார்க் 3. 2018-இல் வந்த மாடல், 24 மெகாபிக்சல். அதற்கப்புறம் எத்தனையோ வந்துவிட்டன. பிக்சலும் கூடிக்கொண்டே போகிறது. கல்யாண ஆல்பத்துக்கு 24 தாராளம். நம் பக்கம் அதிகம் போகிற 12-க்கு 36 ஆல்பத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். விரித்தால் 36 அங்குலம். 300 டி.பி.ஐ. (அங்குலத்துக்கு 300 புள்ளி) கணக்கில் 10,800-க்கு 3,600 பிக்சல். 24 மெகாபிக்சல் படம் 6,000-க்கு 4,000. ஒரே படத்தை ஷீட் முழுக்க வைத்தாலும் இரண்டு மடங்குக்குக் குறைவாகத்தான் பெரிதாக்க வேண்டியிருக்கும். ஆல்பத்தை மடியில் வைத்துப் பார்க்கிற தூரத்தில் அந்த வித்தியாசம் யார் கண்ணுக்கும் தெரியாது. ஷீட்டுக்கு நாலைந்து படம் என்றால் பேச்சே இல்லை.

கேமரா பாடி இரண்டும் ஒரே மாடலாக இருக்கட்டும் என்பது என் பிடிவாதம். பேட்டரியும் சார்ஜரும் ஒரே வகை, நிறமும் ஒரே மாதிரி வரும். இருட்டில் விரல் தானாகப் பொத்தானைத் தேடிப் போகும். ஒன்றில் டாம்ரான் 28-75 எஃப் 2.8, இன்னொன்றில் 85 மி.மீ. எஃப் 1.8. மண்டப வேலையில் பெரும்பகுதி இந்த இரண்டிலேயே முடிந்துவிடுகிறது.

கார்டும் டிஸ்க்கும்

இந்த மாடலை நான் வாங்கியதற்கு முதல் காரணம் படத்தின் தரம் அல்ல, அதிலிருக்கும் இரண்டு கார்டு இடம். முகூர்த்த நேரம் ஒன்றரை மணி நேரம் என்று பத்திரிகையில் போட்டிருப்பார்கள். ஆனால் "கெட்டி மேளம்" என்று குரல் வந்ததிலிருந்து மூன்றாவது முடிச்சு விழுகிற வரைக்கும் அரை நிமிஷம் இருந்தால் அதிகம். மாப்பிள்ளையின் கை, அதற்குப் பின்னால் நாத்தனாரின் கை, பெண்ணின் குனிந்த முகம், அதற்கு மேலே விளக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிற அக்கா, நாலு பக்கத்திலிருந்தும் வந்து விழுகிற அட்சதை. அந்த அரை நிமிஷத்தை யாராலும் மறுபடி நடத்திக் காட்ட முடியாது. ஒரு முகூர்த்தத்தில், நலங்கு முடிந்து காசி யாத்திரை நடந்துகொண்டிருந்தபோது, முதல் கார்டு சட்டென்று எழுதுவதை நிறுத்திவிட்டது. வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் அதில் ஒரு படம்கூடத் திறக்கவில்லை. இரண்டாவது கார்டில் எல்லாமே இருந்தது. பெண் வீட்டாருக்கு இன்றுவரை இப்படி ஒன்று நடந்ததே தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் வரவில்லை.

அதனால் இரண்டு கார்டிலும் ஒரே நேரத்தில் ரா ஃபைல், அதாவது சென்சார் பிடித்ததைத் திருத்தாமல் வைக்கிற மூலப் படம், எழுதும்படிதான் எப்போதும் வைத்திருக்கிறேன். ஒன்றில் ரா, இன்னொன்றில் சின்ன ஜே.பி.ஜி. என்று வைப்பவர்கள் உண்டு. இடம் மிச்சமாகும், சரி. கார்டு போகிற அன்றைக்குக் கையில் மிஞ்சுவது ஜே.பி.ஜி. மட்டும்தான். ஹோமப் புகையும் மஞ்சள் பல்பும் சேர்ந்த வெளிச்சத்தில் எடுத்த ஜே.பி.ஜி.யை அப்புறம் திருத்தி எடுப்பது பெரும்பாடு. இந்த மாடலில் முதல் இடம் மட்டும் வேகமான யூ.எச்.எஸ்-2 வகை. இரண்டிலும் சேர்த்து எழுதும்போது மெதுவான கார்டின் வேகத்தில்தான் எல்லாம் நடக்கும். படபடவென்று நீளமாக அடித்துக்கொண்டே போகிறவர்களுக்கு இது இடிக்கும். அளந்து அடித்தால் பிரச்சினை இல்லை.

புதுக் கார்டு வாங்கியதும் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருளில் ஒரு முறை முழுக்க எழுதிப் படிக்க வைத்துவிடுவேன். 128 ஜி.பி. என்று அட்டையில் போட்டு உள்ளே அதில் கால்வாசிகூட இல்லாத போலிக் கார்டுகள் சந்தையில் உண்டு. உள்ளே இருக்கிற உண்மையான இடம் நிரம்புகிற வரைக்கும் அவை நல்ல பிள்ளையாகத்தான் இருக்கும். சோதனைக்கு ஒரு மணி நேரம் ஆகும், அவ்வளவுதான். கார்டைக் கேமராவிலேயே ஃபார்மட் செய்வது, மண்டபத்தில் நின்றுகொண்டு படங்களை அழிக்காமலிருப்பது, இரண்டு டிஸ்க்கில் ஏறாமல் கார்டை மறுபடி கையில் எடுக்காமலிருப்பது, இவை மூன்றும் என்னோடு வேலை செய்கிற பையன்களுக்கும் சட்டம்.

ரிசப்ஷன், முகூர்த்தம் இரண்டும் சேர்த்து 4,000 படம் என்று வைத்துக்கொண்டால், ஒரு ரா ஃபைல் 24 எம்.பி. அளவில், கிட்டத்தட்ட 100 ஜி.பி. வருகிறது. இதை டெராகாப்பி என்ற மென்பொருள் கொண்டு வெரிஃபை போட்டு நகல் எடுக்கிறேன். சாதாரணமாக இழுத்துப் போட்டால் ஃபைல் போய்ச் சேர்ந்ததா என்று மட்டும்தான் தெரியும்; உள்ளே இருப்பது அப்படியே வந்ததா என்று தெரியாது. வெரிஃபை போட்டால் நேரம் இரட்டிப்பாகும். அந்த நேரத்தில் குளித்துச் சாப்பிட்டுவிட்டு வரலாம்.

மூன்று நகல், இரண்டு வகைச் சாதனம், அதில் ஒன்று வேறு இடத்தில். இந்த 3-2-1 கணக்கைப் பரவலாக்கியவர் பீட்டர் குரோக் என்ற அமெரிக்க போட்டோகிராபர். இன்றைக்குக் கணினிக்காரர்கள் எல்லோரும் இதையேதான் சொல்கிறார்கள். என் ஏற்பாடு இது: வேலை நடக்கிற எஸ்.எஸ்.டி.யில் ஒன்று, ஸ்டூடியோ பீரோவில் 4 டி.பி. ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று, தஞ்சாவூரில் அக்கா வீட்டில் இன்னொரு டிஸ்க்கில் ஒன்று. மூன்றாவதை இணையத்தில் ஏற்றினால் என்ன என்று கேட்பார்கள். 20 எம்.பி.பி.எஸ். அப்லோடு வேகத்தில் 100 ஜி.பி. ஏற 11 மணி நேரம் ஆகும். வைகாசியில் வாரத்துக்கு இரண்டு மூன்று கல்யாணம் என்றால் கட்டுப்படியாகாது. அதனால் ரா டிஸ்க்கில் மட்டும் இருக்கும். திருத்தி முடித்த ஜே.பி.ஜி.களைக் கூகுள் டிரைவிலும் ஏற்றிவிடுகிறேன். ஒரு கல்யாணத்துக்கு 500 படம், படத்துக்கு 10 எம்.பி. என்றாலும் 5 ஜி.பி.தான்.

"வேறு இடம்" என்பதன் அருமையை 2018 நவம்பரில் கஜா புயல் காட்டிவிட்டுப் போனது. வேதாரண்யம், திருத்துறைப்பூண்டி, பட்டுக்கோட்டை பக்கம் ஓடும் கூரையும் போய் வீட்டுக்குள் தண்ணீர் இறங்கியது. அந்தத் தை மாதம், முன்பு எப்போதோ கல்யாணம் எடுத்துக் கொடுத்த வீடுகளிலிருந்து ஃபோன் வந்தது. "தம்பி, ஆல்பம் ஊறிப் போச்சு. ஒட்டின பக்கம் பிரிக்கவே வரல. அம்மா இருக்கிற படம் மட்டுமாவது கிடைக்குமா?" அந்த அம்மா நடுவில் இறந்துவிட்டிருந்தார். டிஸ்க்கைத் தேடி, அவர் சம்பந்தி மாலையோடு நிற்கிற படத்தைப் பிரிண்ட் போட்டு அனுப்பினேன். படங்களை ஒரு வருஷம் வரை வைத்திருப்பேன் என்றுதான் ஒப்பந்தத்தில் எழுதுகிறேன். நடைமுறையில் ஜே.பி.ஜி.யை நான் அழிப்பதே இல்லை. டிஸ்க் வாங்குகிற காசை வீண் என்று நினைக்கிற தம்பிகளிடம் இந்தக் கதையைத்தான் சொல்வேன். ஹார்ட் டிஸ்க் சாகாவரம் பெற்றது இல்லை. வருஷம் ஒரு முறை, ஆடி மாதத்தில், எல்லா டிஸ்க்கையும் மாட்டி ஓடவிட்டுப் பார்ப்பேன். சந்தேகம் தட்டினால் அந்த வாரமே புது டிஸ்க்குக்கு மாற்றிவிடுவேன்.

வெளிச்சம்

ஃபிளாஷுக்குக் கோடாக்ஸ். கேமரா மேலே வி860 இரண்டாம் தலைமுறை, மேடை ஓரம் குடைக்குள் ஏ.டி.200. வி860-இல் லித்தியம் பேட்டரி. முழு வலுவில் 650 அடி வரை வரும் என்கிறார்கள். நாம் பாதி வலுவுக்குக் கீழேயே அடிப்பதால் முழு ரிசப்ஷனும் தாங்குகிறது. முன்பு நாலு பென்சில் பேட்டரி போட்டு, அது சூடாகி, மறு அடிக்கு ஃபிளாஷ் தயாராகட்டும் என்று காத்துக்கொண்டு நின்ற காலத்தை நினைத்தால், என் வேலையை மிகவும் லேசாக்கிய மாற்றம் இதுதான். தள்ளி நிற்கிற ஃபிளாஷை அடிக்க வைக்கிற டிரிகருக்கு மட்டும் இன்னும் இரண்டு பென்சில் பேட்டரி வேண்டும். அதற்கு எனலூப் என்ற, மறுபடி சார்ஜ் செய்கிற பேட்டரி. சார்ஜ் போட்டு மாதக்கணக்கில் பையில் கிடந்தாலும் அப்படியே இருக்கும். ஜோடி ஜோடியாக எண் எழுதி வைத்திருக்கிறேன். பழசும் புதுசும் கலந்து போட்டால் இரண்டும் கெடும்.

மண்டப எல்.இ.டி. பற்றி ஒரு வார்த்தை. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மலிவான எல்.இ.டி. விளக்குகள் நொடிக்கு 100 முறை கூடிக் குறைந்து எரியும். ஷட்டரை 1/250 நொடி என்று வைத்தால் படத்தில் பட்டை பட்டையாக இருட்டு விழும். 1/100-க்கு இறங்கினால் போய்விடும். இது காசே கேட்காத வைத்தியம். ஆனாலும் பட்டை விழுந்த படங்களைக் கொண்டுவந்து கேமரா ரிப்பேரா என்று கேட்கிறவர்கள் இன்னும் வருகிறார்கள்.

கோயில் கல்யாணம் என்றால் கணக்கே வேறு. ஒப்பிலியப்பன் கோயில் மாதிரி இடங்களில் கூட்டத்துக்கு நடுவே ஒரு தூணுக்கும் இன்னொரு தூணுக்கும் இடையில் இருக்கிற இடம்தான் நம் ஸ்டூடியோ. ஸ்டாண்டு, குடை எதற்கும் வழியில்லை. எங்கே எடுக்கலாம், எங்கே கூடாது என்று அலுவலகத்தில் முதல் நாளே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். 85 மி.மீ. அங்கேதான் தன் விலையைச் சம்பாதித்துக் கொடுக்கிறது.

கடிகாரம், பென்டிரைவ், டி.வி.

கல்யாணம் முடிந்து ஆல்பம் போடுவது ஏன் இழுக்கிறது என்று கேட்டால், நம் தொழிலில் எல்லோரும் ஒரே பதில்தான் சொல்வார்கள்: செலக்‌ஷன் வரவில்லை. 4,000 படத்தைக் கொடுத்து 150 எடுங்கள் என்றால் எந்தக் குடும்பமும் மலைத்துத்தான் போகும். அதனால் முதல் வடிகட்டலை நானே செய்கிறேன். ஃபோட்டோ மெக்கானிக் என்று ஒரு மென்பொருள் இருக்கிறது. ரா ஃபைலுக்குள்ளே ஏற்கெனவே பொதிந்திருக்கிற ஜே.பி.ஜி.யை மட்டும் எடுத்துக் காட்டுவதால், அம்புக்குறியைத் தட்டத் தட்டப் படம் வந்து விழும். பத்திரிகைப் படக்காரர்கள் காலங்காலமாகப் புழங்குவது. விலை கொஞ்சம் கூடத்தான். ஆனால் ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து கழித்துக்கட்ட வேண்டிய வேலை இரண்டு மணி நேரத்தில் முடிகிறது. கண் மூடியது, அசைந்தது, ஒரே மாதிரி பத்து இருப்பது எல்லாம் போக, 900 அல்லது 1,000 படம் மிஞ்சும்.

அடுத்தது வரிசை. என் இரண்டு கேமரா, வீடியோக்காரரோடு வருகிற தம்பியின் கேமரா, சில சமயம் இன்னொருவர் கேமரா. கடிகாரம் நாலும் நாலு நேரம் காட்டினால், மாலை மாற்றுவதற்கு முன்னால் அம்மி மிதிப்பது வந்து நிற்கும். மண்டபத்துக்குள் நுழைந்ததும் எல்லா கேமராவையும் என் ஃபோன் நேரத்துக்கு வைத்து, ஆளுக்கு ஒரு படம் ஃபோன் திரையை எடுக்கச் சொல்வேன். பின்னால் ஏதாவது பிசகியிருந்தால் அந்தப் படத்தைப் பார்த்து லைட்ரூம் மென்பொருளில் நேரத்தை நகர்த்திவிடலாம். அப்புறம் எடுத்த நேரப்படி 0001-இலிருந்து பெயர் மாற்றம். இந்த எண்தான் குடும்பத்துக்கும் எனக்கும் பொது மொழி. "347 வேண்டாம், 349 போடுங்க" என்று பெரியப்பா ஃபோனில் சொன்னாலே போதும்.

இணைய கேலரிகளையும் பயன்படுத்திப் பார்த்தேன். இதயக் குறியைத் தட்டித் தேர்ந்தெடுக்கலாம், முகத்தை வைத்து அவரவர் படத்தைத் தேடலாம். வெளிநாட்டில் இருக்கிற மாப்பிள்ளை பெண்ணுக்கு அருமையான வசதி. ஆனால் எங்கள் பக்கம் ஆல்பத்தை முடிவு செய்வது அப்பா, அம்மா, அத்தை, பாட்டி எல்லாம் சேர்ந்து. அவர்களுக்கு ஏற்றது பென்டிரைவ். பழைய டி.வி.கள் எஃப்.ஏ.டி.32 ஃபார்மட்டைத்தான் படிக்கும். அதனால் அப்படி ஃபார்மட் செய்து, 2,000 பிக்சல் அளவுக்குச் சின்னதாக்கிய ஜே.பி.ஜி.களை, எண் படத்திலேயே மூலையில் தெரியும்படி போட்டுக் கொடுக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு அப்புறம் எல்லோரும் டி.வி. முன்னால் உட்கார்ந்து ஒருவர் நோட்டில் எண் எழுதுவார். இந்த முறைக்கு வந்த பிறகு மாதக்கணக்கில் தூங்குகிற ஆர்டர்கள் வெகுவாகக் குறைந்தன. பாட்டியும் கூட இருந்து தேர்ந்தெடுத்த ஆல்பம் என்பதால், டெலிவரி அன்றைக்கு "எங்க சித்தப்பா படமே இல்லையே" என்ற சண்டையும் வருவதில்லை.

வாட்ஸ்அப்பில் படம் அனுப்புவதாக இருந்தால் டாக்குமெண்டாக அனுப்புங்கள். சாதாரணமாக அனுப்பினால் அது படத்தைச் சுருக்கிவிடும். அந்தச் சுருங்கின படத்தையே பிரிண்டுக்குக் கொடுத்து, "ஏன் மங்கலா இருக்கு" என்று நம்மிடம் வருவார்கள்.

நிறம்

கடன் வாங்கியாவது வாங்குங்கள் என்று ஒன்றைச் சொல்வதென்றால், மானிட்டரை அளக்கிற கருவியைச் சொல்வேன். நான் வைத்திருப்பது ஸ்பைடர். திரையில் ஒட்டினால், நிறம் நிறமாகக் காட்டி அளந்து, உங்கள் மானிட்டருக்கென்று ஒரு புரொஃபைல் போட்டுக் கொடுக்கும். நான் வைக்கிற அளவு: வெள்ளை நிறம் 6500 கெல்வின், காமா (நடு நிழல்களின் அளவு) 2.2, திரை வெளிச்சம் 100 முதல் 120 நிட் வரை. புது மானிட்டரோ லேப்டாப்போ கடையிலிருந்து வரும்போது இதைவிட இரண்டு மடங்கு பளிச்சென்று நீலம் தூக்கலாக இருக்கும். அதில் பார்த்துத் திருத்தினால் பிரிண்ட் போடுகிற லேபிலிருந்து வருகிற ஆல்பம் இருட்டாக, மஞ்சளாக வரும். பழியை லேப் மேல் போடுவார்கள். அளந்த மானிட்டர், எஸ்.ஆர்.ஜி.பி. என்ற பொதுவான நிற அளவில் சேமித்த ஜே.பி.ஜி., லேப் கொடுக்கிற ஒரு சாம்பிள் ஷீட் ஆகிய மூன்றையும் வைத்து ஒப்பிட்டுப் பார்த்துவிட்டால் அப்புறம் வருஷக்கணக்கில் நிம்மதி.

நிறத்தில் எனக்கு ஒரு கோபமும் உண்டு. நம் பெண்களின் தோலை வெளுக்கிற பழக்கம். கறுப்பான பெண்ணை ஆல்பத்தில் வெண்ணெய் மாதிரி ஆக்கிவிட்டு, அதுதான் "ஃபினிஷிங்" என்கிறார்கள். வெளுத்த முகத்தில் மஞ்சள் பூசியது தெரியாது, மூக்குத்திக் கல்லின் நிழல் தெரியாது, சிரிக்கும்போது கன்னத்தில் வருகிற வெளிச்சம் தெரியாது. அளந்த மானிட்டரில் உட்கார்ந்தால் மாநிறத்துக்குள் எத்தனை நிறம் இருக்கிறது என்று நமக்கே தெரியும். செம்பு, சந்தனம், புளியம்பழ ஓட்டின் பழுப்பு எல்லாம் அங்கே இருக்கின்றன. டிசைனரிடம் ஆல்பம் போகும்போது "முகத்தில் கை வைக்கக் கூடாது" என்று எழுதியே கொடுக்கிறேன். பெண் வீட்டில் யாராவது கொஞ்சம் சிவப்பாக்கச் சொன்னால், திருத்தாத ஷீட்டை ஒரு முறை கையில் கொடுத்துப் பார்க்கச் சொல்வேன். பெரும்பாலும் அதோடு அந்தப் பேச்சு முடிந்துவிடும்.

கூறைப் புடவையின் அரக்குச் சிவப்பும், ரிசப்ஷன் மேடையின் ஊதா எல்.இ.டி.யும்தான் கடினமானவை. சிவப்பு தெறித்துப்போய் ஜரிகை, நூல் எதுவும் தெரியாமல் ஒரே தகடாக நிற்கும். அந்த இடத்தில் ஹிஸ்டோகிராமில் (கேமரா காட்டுகிற வெளிச்ச வரைபடத்தில்) சிவப்பை மட்டும் பார்த்து, வெளிச்சத்தை அரை ஸ்டாப் குறைத்து எடுப்பது என் வழக்கம்.

ஆல்பத்துக்கு லேப் தேர்ந்தெடுக்கும்போது நடு மடிப்பைப் பாருங்கள். 18-ஆவது அங்குலத்தில் மடிப்பு வரும். அங்கே ஒரு முகமும் வரக்கூடாது என்று டிசைனருக்குச் சொல்ல வேண்டும். கிழியாத என்.டி. ஷீட்டை விரலால் மடக்கிப் பார்த்து, ஓரத்தில் படலம் பிரிகிறதா என்று பார்த்த பிறகுதான் நான் பெரிய ஆர்டர் கொடுப்பேன்.

ஈரம்

காவிரிக்கரையில் இருக்கிறோம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்க அதிக நாள் வேண்டாம். சிலந்தி நூல் மாதிரி ஒரு கோடு தெரிந்தால் கதை ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். மின்சார ட்ரை கேபினெட் நல்லதுதான். முதலிலேயே அதற்குக் காசு இல்லாவிட்டால், ரப்பர் வைத்து இறுக்கமாக மூடுகிற பிளாஸ்டிக் டப்பா, அரைக் கிலோ சிலிகா ஜெல், ஈரப்பதம் காட்டுகிற சின்ன மீட்டர் போதும். 40 முதல் 50 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். ஆரஞ்சு நிற ஜெல் பச்சையானால் ஈரம் குடித்துவிட்டது என்று பொருள். சூடாக்கிக் காயவைத்தால் மறுபடி ஆரஞ்சாகும். ஏ.சி. அறையிலிருந்து வெளியே வரும்போது கேமராவைப் பையை விட்டு எடுக்காமல் கால் மணி நேரம் விடுங்கள். இல்லையென்றால் லென்ஸில் பனி படியும்.

தேதியும் எழுத்தும்

நம் தொழிலின் வருமானம் பஞ்சாங்கத்தில் எழுதியிருக்கிறது. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் கிடையாது, புரட்டாசியில் பெரும்பாலும் இல்லை. வளர்பிறை முகூர்த்தம் என்றால் ஊர் முழுக்க ஒரே நாளில். வருஷ ஆரம்பத்தில் முகூர்த்த நாள்களை எல்லாம் கூகுள் காலண்டரில் ஏற்றி, அட்வான்ஸ் வந்தது பச்சை, பேச்சில் இருப்பது மஞ்சள் என்று வைத்திருக்கிறேன். வீட்டிலும் பையன்களின் ஃபோனிலும் அதே காலண்டர் தெரியும். அட்வான்ஸ் வராமல் எந்தத் தேதியும் பச்சையாகாது, சொந்தக்காரராக இருந்தாலும் சரி.

முகூர்த்தம் இல்லாத மாதங்களைத் தாங்குவது திருக்கடையூர். சஷ்டியப்த பூர்த்தியும் சதாபிஷேகமும் அவரவர் நட்சத்திரத்தில் வருவதால் வருஷம் முழுக்க வேலை இருக்கும். அறுபது வயதுத் தம்பதியைப் பேரப்பிள்ளைகளோடு எடுக்கிற அந்தக் காலை நேரம் எனக்கு எந்தக் கல்யாணத்துக்கும் குறைந்தது இல்லை.

ஒப்பந்தத் தாள் ஒரே பக்கம், தமிழில். எத்தனை நாள், எத்தனை ஆள், எத்தனை ஷீட், எந்த அளவு. செலக்‌ஷன் வந்ததிலிருந்து 45 நாளில் ஆல்பம். பணம் மூன்று பங்கு: பதிவின்போது, முகூர்த்தத்துக்கு முந்தின நாள், ஆல்பம் கையில் வாங்கும்போது. இதை எழுத்தில் வைத்த பிறகு பணப் பேச்சில் முகம் சுளிக்கிற சூழ்நிலையே வருவதில்லை.

அதில் பலரும் விட்டுவிடுகிற வரி ஒன்று உண்டு. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் 17-ஆவது பிரிவின்படி, காசு கொடுத்து ஒருவர் எடுக்கச் சொன்ன போட்டோவுக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதல் உரிமையாளர் எடுக்கச் சொன்னவர்தான். படம் எடுத்தது நாம் என்பதால் நம்முடையது என்று பெரும்பாலோர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். விளம்பரத்துக்கும் இன்ஸ்டாகிராமுக்கும் படம் போட வேண்டுமானால் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். "போடலாம்", "கேட்டுவிட்டுப் போடலாம்", "போடக்கூடாது" என்று மூன்று கட்டம் வைத்திருக்கிறேன். மூன்றாவதில் டிக் அடிப்பவர்களும் இருக்கிறார்கள். அந்த வீட்டுப் படம் எவ்வளவு நன்றாக வந்திருந்தாலும் வெளியே போகாது.

கணக்குக்கு ஒரு கூகுள் ஷீட் போதும். தொழிலுக்கென்று தனி வங்கிக் கணக்கும் அதற்கு ஒரு யு.பி.ஐ. க்யூ.ஆர். அட்டையும் அவசியம். வருஷ வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவு வேண்டும்; நம் சேவைக்கு 18 சதவீதம். அந்த எல்லையை நெருங்கும்போதே விலைப்பட்டியலை மாற்றிவிடுவது நல்லது. இன்னொரு கணக்கும் போடுங்கள். இந்த கேமராவின் ஷட்டர் 2,00,000 அடிக்குச் சோதித்தது என்கிறது சோனி. கல்யாணத்துக்கு ஒரு பாடியில் 2,000 அடி என்றால் 100 கல்யாணம். அதற்கு மேலும் ஓடலாம், ஆனால் அதை நம்பி விலை வைக்கக் கூடாது. பாடியின் விலையை 100-ஆல் வகுத்து, அந்தத் தொகையை ஒவ்வொரு ஆர்டரிலிருந்தும் தனியாக எடுத்து வைத்தால், அடுத்த கேமராவுக்கு நகைக்கடன் போக வேண்டியதில்லை. விலையைக் குறைத்துக் கேட்கிறவரிடம் எவ்வளவு இறங்கலாம் என்பதும் இந்த எண்ணைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

வாங்காமல் விட்டவை

70-200 லென்ஸ், வீடியோ ஆடாமல் கேமராவைத் தாங்குகிற கிம்பல், ட்ரோன் மூன்றையும் நான் வாங்கவில்லை. வருஷத்தில் சில நாளுக்குத் தேவைப்படுகிற சாமானுக்கு வாடகைதான் சரி. ட்ரோனுக்கு ஆளையே வாடகைக்குக் கூப்பிடுகிறேன். 2021 ட்ரோன் விதிகளின்படி 250 கிராமுக்கு மேல் போனால் தொழிலுக்குப் பறக்கவிட பைலட் சான்றிதழ் வேண்டும். தஞ்சாவூரில் விமானப்படைத் தளம் இருப்பதால் எங்கே பறக்கவிடலாம் என்று காட்டுகிற அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைப் பார்க்காமல் அந்தப் பக்கம் எதையும் ஏற்றக் கூடாது. அதெல்லாம் தெரிந்து, சான்றிதழ் வைத்திருக்கிறவர் வந்தால் நான் கீழே பெண்ணையும் மாப்பிள்ளையையும் கவனித்துக்கொண்டிருக்கலாம்.

வாடகை லென்ஸை முதல் நாள் மாலையே எடுத்துவிடுங்கள். கடையிலேயே உங்கள் பாடியில் மாட்டி, லென்ஸ் துளையை எஃப் 16-க்குச் சுருக்கி வெள்ளைச் சுவரை ஒரு படம், முழுதாகத் திறந்து ஒரு எழுத்துப் பலகையை ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். முதலாவதில் உங்கள் சென்சாரில் இருக்கிற தூசி தெரியும், இரண்டாவதில் லென்ஸ் ஒரு பக்கம் மங்குகிறதா என்பது தெரியும். கண்ணாடியில் கீறல் இருந்தால் கடைக்காரர் எதிரிலேயே ஃபோனில் படம் எடுத்து அவருக்கும் அனுப்பிவிட்டு, சீரியல் எண்ணை ரசீதில் எழுதி வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.